“மாத்திரைக்குப் பதிலா என்ன சாப்பிடலாம் சார்?”

மருந்துச் சீட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார் அந்த அம்மா. பாலக்கோடு பக்கத்துக் கிராமம், வயது அறுபதை நெருங்குகிறது. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) ஒன்பது வருடத்துக்கு முன் கணவர் இறந்து, காரியமெல்லாம் முடிந்த பிறகும் கண் மூடாமல் கிடந்தவருக்கு ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்தது: அல்பிரஸோலம் என்கிற தூக்க மாத்திரை, 0.25 மில்லிகிராம், இரவு ஒன்று, 15 நாள். அந்த ‘15 நாள்’ பிளாஸ்டிக்குக்கு அடியில் இன்னமும் பளிச்சென்று தெரிகிறது. என்னிடம் வந்தபோது தினமும் அவர் போட்டுக்கொண்டிருந்தது 1.5 மில்லிகிராம், அதாவது ஆறு மடங்கு.

வந்ததும் தூக்கத்துக்காக இல்லை. ஓசூரில் மகள் வீட்டு விசேஷத்துக்குப் போனவர் மாத்திரை அட்டையை எடுத்துப்போக மறந்துவிட்டார். முதல் ராத்திரி முழுக்கப் புரண்டார். மறுநாள் கை நடுக்கம், வேர்வை, படபடப்பு. மூன்றாம் நாள் காலை சமையல்கட்டில் வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேன் எடுத்தார்கள், தலையில் ஒன்றுமில்லை. ‘வேற என்ன மருந்து சாப்பிடறாங்க?’ என்று கேட்டதற்கு மகள் சொன்ன பதில், ‘பிரஷருக்கு ஒண்ணு, சுகருக்கு ஒண்ணு, அவ்ளோதாங்க.’ தூக்க மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெற்றிலை பாக்கு மாதிரி அது தனிக் கணக்கு.

“நான் என்ன குடிகாரியா சாமி, அடிமைன்னு சொல்றீங்க?” என்று கோபப்பட்டார். நியாயமான கோபம். அவர் போதைக்காக ஒரு நாளும் போட்டதில்லை. பழகிப்போனது அவருடைய மூளை.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தொப்பூர் கணவாய் போதும். சேலம் போகிற லாரி அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போகும். மூளைக்குள் காபா என்றொரு ரசாயனம் இருக்கிறது, அதுதான் நரம்புகளின் பிரேக். அல்பிரஸோலம், குளோனஸிபாம், டயஸிபாம், நைட்ரஸிபாம் எல்லாமே அந்த பிரேக்கை நமக்காக இன்னொருவர் மிதிப்பது போன்றவை. மாதக்கணக்கில் மிதித்தால் மூளையின் சொந்த பிரேக் தேய்கிறது, ஈடுகட்ட மூளை ஆக்சிலேட்டரையும் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் அதே தூக்கத்துக்கு அளவு ஏறிக்கொண்டே போகிறது. இந்த நிலையில் காலைச் சட்டென்று எடுத்தால் என்ன ஆகும்? அந்த அம்மாவுக்கு ஆனதுதான். எனவே இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரியே அட்டையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பல மாதம் தினமும் போட்டவர்கள் ஒரே நாளில் நிறுத்துவது உயிருக்கே ஆபத்து. கணவாயில் இறங்குகிற மாதிரி கியரைக் குறைத்து, மருத்துவர் துணையோடு மெதுவாகத்தான் இறங்கவேண்டும்.

சட்டம் இல்லாமலில்லை. 2014 மார்ச் 1 முதல் அல்பிரஸோலம், டயஸிபாம், நைட்ரஸிபாம் போன்றவை எச்1 என்கிற கட்டுப்பாட்டு மருந்து அட்டவணையில் வருகின்றன. யார் எழுதியது, யாருக்கு, எத்தனை என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்கவேண்டும். ஒன்பது வருடச் சீட்டு எப்படிச் செல்லுபடியானது என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப்போகிறது.

அடுத்த கேள்வி எல்லோரிடமிருந்தும் ஒன்றுபோலவே வரும். “சரி, நிறுத்திக்கறேன். அதுக்குப் பதிலா என்ன சாப்பிடலாம் சார்?”

இந்தக் கேள்வியில்தான் சிக்கலே இருக்கிறது. பதிலுக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்தவைகளைச் சொல்கிறேன். ‘இது பழகாது’ என்று கொடுக்கப்பட்ட ஸோல்பிடெம்: பழகும், அதுவும் அதே காபா வழியில்தான் வேலை செய்கிறது. சளிக்குத் தரும் அவில், செட்ரிசின்: சில நாளில் தூக்கம் தருவது குறைந்துவிடும், வயதானவர்களுக்கு அவில் மாதிரியான பழைய மாத்திரைகள் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் கொடுக்கும். பிரிகாபலின்: நரம்பு வலிக்கு நல்ல மருந்து, ஆனால் அதற்கே அடிமையானவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பாலில் ஜாதிக்காய்: சிட்டிகை போட்டால் பாதகமில்லை, ‘சீக்கிரம் தூங்கட்டும்’ என்று ஒரு முழுக்காயை இழைத்துக் குடித்தால் நெஞ்சு படபடத்து இல்லாதது கண்ணுக்குத் தெரியும். அமுக்கரா (அஸ்வகந்தா) பொடி: மாத்திரையோடு சேர்த்து உண்டால் மயக்கம் கூடலாம், சிலருக்குக் கல்லீரலும் பாதிக்கப்பட்டிருக்கிறது. கடைசியாக டாஸ்மாக் குவார்ட்டர். அது மிதிப்பதும் அதே பிரேக்கைத்தான், தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மூச்சே நிற்கலாம். மிர்டாஸபின், மெலடோனின் போன்று பழக்கம் உண்டாக்காதவை உண்டு, சிலருக்குச் சில மாதம் எழுதியும் கொடுக்கிறேன். ஆனால் முதலில் அல்ல. ராத்திரி எதையாவது விழுங்கினால்தான் தூக்கம் என்கிற நம்பிக்கை அப்படியே இருக்கும்வரை மாத்திரையின் பெயர் மட்டும்தான் மாறும்.

பதிலுக்கு விழுங்க எதுவும் இல்லை, செய்ய நிறைய இருக்கிறது என்று சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. மருமகள்தான், “அத்தே, கேட்டுத்தான் பாக்கலாமே” என்றார்.

முதல் இரண்டு மாதம் மாத்திரையின் அளவில் கை வைக்கவேயில்லை. ஒரு பள்ளிக்கூட நோட்டில் தினமும் காலையில் மருமகள் நான்கு விஷயம் எழுதவேண்டும்: படுத்த நேரம், தோராயமாகத் தூங்கிய நேரம், எழுந்த நேரம், பகலில் கண் அயர்ந்தது எவ்வளவு. ராத்திரி மணி பார்க்கக்கூடாது, செல்போன் தலைமாட்டில் கூடாது. இரண்டு வாரத்தில் கணக்கு தெரிந்துவிட்டது. இரவு எட்டு மணிக்குச் சாய்கிறார், காலை ஆறு மணிக்கு எழுகிறார். பத்து மணி நேரம் பாயில், அதில் தூக்கம் ஐந்தரை மணி. மிச்ச நாலரை மணி நேரம் ‘தூக்கம் வரலையே’ என்கிற கவலைக்கு. போதாததற்கு மதியம் களி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் ஒன்றரை மணி நேரம். “ராத்திரி தூங்கலயே, அதான்” என்றார். பகல் தூக்கம் ராத்திரிக் கணக்கிலிருந்து எடுத்த கடன் என்பது அவருக்குப் புதுச் செய்தி.

விழித்திருக்கும் ஒவ்வொரு மணியும் தூக்கத்துக்கான பசியைக் கூட்டுகிறது. பசிக்காதவனைப் பந்தியில் உட்காரவைத்தால் இலையைப் பார்த்துக்கொண்டுதான் இருப்பான். அதனால் பாயில் கிடக்கும் நேரத்தைச் சுருக்கினோம், வாரம் அரைமணியாக. வலிப்பு வந்தவர், தூக்கத்தை ஒரேயடியாக வெட்டினால் அதுவே வலிப்பைத் தூண்டும் என்பதால் நிதானமாகத்தான். ஏழு வாரத்தில் இரவு 10.30 முதல் காலை 5 வரை என்று வந்து நின்றது. எப்படித் தூங்கினாலும் ஐந்து மணிக்கு எழுந்துவிடவேண்டும், இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் ஏழு மணி சீரியலோடு குடித்த டீ நின்றது. டீயில் உள்ள காஃபீனில் பாதி குறையவே ஐந்தாறு மணி நேரம் ஆகும்.

இன்னொரு விதி: தூக்கம் வராமல் இருபது நிமிடம் போல ஆகிவிட்டால் எழுந்துவிடு, தூக்கம் சொக்கும்போது திரும்பி வா. 1972இல் ரிச்சர்ட் பூட்ஸின் என்கிற உளவியலாளர் சொன்னது இது. புத்தகங்களில் ‘வேறு அறைக்குப் போ’ என்றிருக்கும். ஓர் அறையில் ஐந்து பேர் வரிசையாகப் படுக்கிற வீட்டில் வேறு அறைக்கு எங்கே போவது? ஆனால் நம்மிடம் கட்டிலைவிட நல்ல சாதனம் இருக்கிறது, பாய். சுருட்டி மூலையில் நிறுத்திவிட்டால் படுக்கையே இல்லை. அந்த அம்மா பாயைச் சுருட்டிவிட்டுத் திண்ணைக்குப் போய், புளியில் கொட்டையும் நாரும் எடுத்துக்கொண்டிருப்பார். எங்கள் பக்கம் கூலிக்கு வீட்டிலேயே பெண்கள் செய்யும் வேலை அது. கிலோக் கணக்குப் பார்க்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவைத்தேன். இல்லாவிட்டால் விடிய விடிய உட்கார்ந்து இரண்டு கிலோ முடித்துவிடுவார்.

சாதாரணமாகத் தெரியும் இந்த விஷயங்கள் சேர்ந்ததுதான் தூக்கமின்மைக்கான அறிதல் நடத்தை சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை இதுதான் என்று அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் என்கிற மருத்துவர்கள் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது.

மூன்றாம் மாதம் மாத்திரையைக் குறைக்க ஆரம்பித்தோம். 0.25 மாத்திரைகளாக மாற்றி எழுதி, இரண்டு வாரத்துக்கு அரை மாத்திரை குறைவு. மருமகள் எவர்சில்வர் மூடியில் வைத்து பிளேடால் வெட்டுவார், உடைந்த பொடியைக்கூட விடாமல் அத்தை நக்கிக்கொள்வாராம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு முறை குறைக்கும்போதும் சில நாள் தூக்கம் கெடும், கனவு அதிகம் வரும், சாயங்காலமே மனசு அடித்துக்கொள்ளும். ‘பழைய நோய் திரும்பிடுச்சு’ என்று பெரும்பாலானவர்கள் மாத்திரைக்கு ஓடுவது இங்கேதான். திரும்பியது நோயல்ல, மாத்திரை வெளியேறுகிற சத்தம். நோட்டைத் திருப்பிக் காட்டுவேன்: போன தடவையும் ஆறாவது நாள் சரியாகியிருக்கிறது, பாருங்கள். 0.5க்கு வந்தபோது சம்பந்தி வீட்டில் ஒரு சாவு. ஆறு வாரம் அப்படியே நிறுத்திவைத்தோம், ஏற்றவில்லை. கடைசிப் படிகள் கால் மாத்திரைத் துண்டுகளாக. மொத்தம் பதினோரு மாதம். அவசரப்படுத்தியிருந்தால் தோற்றிருப்போம்.

எல்லோருக்கும் இந்த வழி ஒத்துவராது. காவேரிப்பட்டணத்துத் தம்பி ஒருவர் ஓசூர் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். காலையில் கம்பெனி பஸ்ஸில் முகத்தில் வெயிலடிக்க வந்து, சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே மாத்திரை போட்டுத் தூங்க முயன்றுகொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி, ஜன்னலுக்குக் கனத்த போர்வை, லீவு நாளிலும் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரை கட்டாயத் தூக்கம் என்று அவருக்கு வேறு கணக்கு. பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சுத் திணறுபவர்களும், வாரம் முழுக்கத் தூங்காமல் உற்சாகமாகத் திரிந்த வரலாறு உள்ளவர்களும் இந்த நேரச் சுருக்கத்தைத் தாங்களாக முயலவேண்டாம். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம்.

அந்த அம்மா போன மாதம் வந்தார். இப்போது ஆறு மணி நேரத் தூக்கம், நாலரைக்கே விழிப்பு. ராகி அரைத்துக்கொண்டு வர மில்லுக்கு முதல் ஆளாகப் போகிறாராம். கிளம்பும்போது சுருக்குப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். ஒரே ஒரு 0.25 மாத்திரை, அட்டையில் தனியாக வெட்டி எடுத்தது.

“இருக்கட்டுமா சாமி?”

பேரப்பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி, அடுத்த சீட்டைக் கூப்பிட்டேன்.