கத்தி பிடிக்கும் கை எதைக் கற்றுக்கொள்கிறது?

“தற்காப்புக்குக் கைப்பையில் ஒரு கத்தி இருந்தால் போதாதா, அதற்கென்று மாதக்கணக்கில் பயிற்சி எதற்கு?” என்று கல்லூரி மாணவி ஒருவர் கேட்டிருந்தார். இதற்கு விடை தேட ஏற்ற இடம் பிலிப்பைன்ஸ் நாட்டின் அர்னிஸ் பயிற்சிக் கூடம். எஸ்கிரிமா என்றும் அழைக்கப்படும் இக்கலையில் கத்திக்குப் பதிலாகப் பிரம்பைக் கொடுத்தே பழக்குகிறார்கள். 2009இல் அந்நாடு சட்டமியற்றி இதைத் தன் தேசியத் தற்காப்புக் கலையாக அறிவித்தது.

முதலில் நேரக் கணக்கு. கண் கண்டதற்குக் கை அசையவே ஏறத்தாழ கால் நொடி ஆகிறது. அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டி காவல்துறையைச் சேர்ந்த டென்னிஸ் டூலர், ஒருவர் 21 அடி தூரத்தை ஓடிக் கடக்க ஒன்றரை நொடியே போதும் என்பதை அளந்து 1983இல் எழுதினார். ஜிப்பைத் திறந்து, பைக்குள் துழாவி, மடக்குக் கத்தியை விரிப்பதற்கு அந்த ஒன்றரை நொடி போதாது. அட்ரினலின் பெருகி விரல்கள் நடுங்கும் நேரத்தில் நுணுக்கமான விரல் வேலை இன்னும் தடுமாறும்.

தேர்ந்தெடுக்க வேண்டிய வாய்ப்புகள் கூடினால் தாமதமும் கூடும். பத்து விளக்குகளையும் விரலுக்கொன்றாகப் பத்து விசைகளையும் வைத்துச் சோதித்த பிரிட்டன் உளவியலாளர் வில்லியம் எட்மண்ட் ஹிக், வாய்ப்புகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் எதிர்வினை நேரம் ஏறத்தாழ ஒரே அளவு கூடுகிறது என்று 1952இல் காட்டினார். அர்னிஸ் ஆசான்கள் இந்தச் சிக்கலைத் தம் வழியில் தீர்த்திருக்கிறார்கள். வருவது கத்தியா, கம்பா, வெறுங்கையா என்று மாணவர் ஆராய வேண்டியதில்லை. எந்தக் கோணத்தில் வருகிறது என்பதை மட்டும் பார்த்தால் போதும். எண்ணற்ற தாக்குதல்கள் இவ்வாறு, பல பள்ளிகளில், எண்ணிட்ட பன்னிரண்டு வீச்சுகளாகச் சுருங்கிவிடுகின்றன.

பிரம்போடு பிரம்பு மோதும் அந்த ஓசைக்கு நடுவே, அசைவுகளைச் சீராக்கும் சிறுமூளையில் நடப்பதுதான் என்னை வியக்க வைப்பது. அங்குள்ள பர்கிஞ்சி செல் என்னும் நரம்பு செல் ஒவ்வொன்றும் கிளை விரித்த மரம் போன்றது. கை இப்போது எங்கே இருக்கிறது, தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது என்பன போன்ற செய்திகளை இணை இழைகள் என்னும் மெல்லிய நரம்பிழைகள் வழியாக லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் அது பெறுகிறது. ஆனால் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளத்திலிருந்து ஏறி வந்து அம்மரத்தைக் கொடிபோல் சுற்றிக்கொள்ளும் ஏறு இழை, ஒரு செல்லுக்கு ஒன்றே ஒன்றுதான். மாணவரின் தடுப்பு ஒரு கணம் பிந்துகிறது, ஆசானின் பிரம்பு மணிக்கட்டில் தட்டுகிறது; “தவறு” என்ற செய்தியோடு ஏறு இழை துடிக்கிறது. அந்தக் கணத்தில் செயல்பட்டுக்கொண்டிருந்த இணைப்புகள் மட்டும் சற்று வலுவிழக்கின்றன. பிரிட்டன் ஆய்வாளர் டேவிட் மார் 1969இலும் அமெரிக்கப் பொறியாளர் ஜேம்ஸ் ஆல்பஸ் 1971இலும் கோட்பாடாக முன்வைத்த இந்தக் கற்றல் முறையில், இணைப்புகள் வலுவிழக்கும் என்று சரியாகக் கணித்தவர் ஆல்பஸ். 1982இல் ஜப்பானிய மூளை ஆய்வாளர் மசாவோ இட்டோவின் குழு அதைச் சோதனையில் கண்டது. நல்ல அசைவு புதிதாக எழுதப்படுவதைவிட, பிழையான அசைவு கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி நீக்கப்படுகிறது என்பதே இதன் அழகு. ஒரு தட்டுக்கு ஒரு சிறு செதுக்கல் என்றால், எத்தனை ஆயிரம் தட்டுகள் வேண்டும்!

ஆகவே இரண்டு நாள் வகுப்பு நடத்திச் சான்றிதழ் கொடுப்பவர்களை நான் ஏற்பதில்லை. ஆயுதம் தம்மைத் தீண்டாது என்று நம்பி ஆன்டிங்-ஆன்டிங் என்னும் தாயத்தைப் பிலிப்பைன்ஸில் அணிந்தவர்கள் உண்டு; பழகாத கத்தியைப் பைக்குள் சுமப்பதும் அதே நம்பிக்கைதான், அதோடு பறிபோனால் நம்மையே வெட்டும் ஆபத்தும் சேர்ந்தது.

அர்னிஸ் கூடத்தில் கைக்குச் சமமாகக் காலுக்கும் பாடம் உண்டு. தரையில் ஒரு முக்கோணம் வரைந்து, அதன் முனையில் நிற்கும் மாணவரை, வீச்சு வரும் கோட்டிலிருந்து பக்கவாட்டில் விலகி அடுத்த முனையில் கால் வைக்கும்படி திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிறார்கள். கத்தியை வெளியே எடுக்கவே தேவையில்லாத இந்த விலகலையும், கால் சரியான இடத்தில் விழும்வரை, அதே சிறுமூளைதான் செதுக்குகிறது.