ஆம்புலன்ஸ் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும்போது

சிங்கப்பூரில் நாம் கற்கும் முதலுதவி, உதவி விரைவில் வந்துவிடும் என்ற உறுதியை நம்பி அமைந்தது. 995ஐ அழைத்தால் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்ஸ் 11 நிமிடங்களுக்குள் வந்து சேர வேண்டும் என்பது இங்குள்ள இலக்கு. ஒருவரின் இதயத் துடிப்பு நின்றுவிட்டதாக அழைப்பு வந்தால், 2015ல் அறிமுகமான மைரெஸ்பாண்டர் செயலி ஏறத்தாழ 400 மீட்டர் சுற்றளவில் இருக்கும் பதிவுபெற்ற பொதுமக்களுக்கு உடனே தகவல் தருகிறது. வீவக புளோக்குகளின் மின்தூக்கித் தளங்களில், இதயத்துக்கு மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி கருவிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே இங்கே முதலுதவி செய்பவரின் கடமை, அந்தப் பத்து நிமிடங்கள் வரை உயிரைத் தாங்கிப் பிடிப்பதுதான்.

மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் தாதியாகப் பணியாற்றும் நான், வெளிநாடுகளின் உட்கிராமங்களுக்குச் செல்லும் தொண்டூழியர்களுக்குப் பயிற்சியளிப்பதிலும் ஈடுபட்டிருக்கிறேன். நல்ல மனத்துடன் புறப்படும் குழுக்கள் பலவும், இங்கே நடத்தும் பாடத்தையே மொழிபெயர்த்து, பயிற்சிப் பொம்மைகளையும் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வதைக் காண்கிறேன். மலைக்கிராமத்திலோ தீவிலோ வாழும் ஒருவருக்கு மருத்துவர் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறார் என்றால், அவருக்குத் தேவைப்படுவது வேறு பாடம். நம் பாடத்தை எவ்வளவு எளிமைப்படுத்தினாலும் அது அந்தப் பாடமாகிவிடாது.

முதலில், மார்பை அழுத்தியும் மூச்சு கொடுத்தும் உயிர் காக்க முயலும் சிபிஆரையே எடுத்துக்கொள்வோம். இதயத் துடிப்பு நின்றபின் சிபிஆரோ மின்னதிர்வோ இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. மின்னதிர்வு கொடுக்கும் கருவி எட்டாத இடத்தில், மாரடைப்பால் துடிப்பு நின்ற பெரியவர் ஒருவரை மார்பழுத்தத்தால் மட்டும் மீட்பது மிக அரிது. இதைப் பயிற்சியின் தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால், அண்டை வீட்டுக்காரர் தம் கையிலேயே இறந்தது தம் தவற்றால்தான் என்று அந்த முதலுதவியாளர் ஆண்டுக்கணக்கில் வருந்துவார். அதே சமயம், சிங்கப்பூரில் பொதுமக்களுக்கான குறுகிய வகுப்புகளில் கைகளால் மார்பை அழுத்துவதை மட்டுமே கற்பிக்கிறோம், வாயோடு வாய் மூச்சு கொடுப்பதை விட்டுவிடுகிறோம். நகரத்தில் திடீரென விழும் பெரியவர்களுக்கு அது பொருந்தும். குளமும் கிணறும் ஆறும் சூழ்ந்த கிராமத்தில் பொருந்தாது. உலகில் ஆண்டுதோறும் ஏறக்குறைய 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறக்கிறார்கள், அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேற்பட்டோர் வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூழ்கிய குழந்தையின் இதயம் நிற்பது மூச்சு நின்றதால்தான்; அதற்கு முதலில் தேவை காற்று. குளக்கரையிலேயே இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் மூச்சு கொடுக்கத் தெரிந்த ஒருவர் இருந்தால், எந்தக் கருவியும் இல்லாமலேயே அந்தக் குழந்தை அழுதுகொண்டு எழ வாய்ப்புண்டு. நாம் இங்கே தவிர்த்துவிடும் பாடமே அங்கே உயிர் காக்கும் பாடமாக இருக்கிறது.

பாம்புக்கடியும் இப்படித்தான். தமிழகக் கிராமங்களில் உயிரைப் பறிக்கும் கடிகளில் பெரும்பாலானவை நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கினால் நேர்பவை. இந்த நான்கின் நஞ்சையும் சேர்த்து முறிக்கும் ஒரு நச்சுமுறி மருந்து இந்தியாவில் தயாராகிறது. அதற்கான நஞ்சின் பெரும்பகுதியை, சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் 1978ல் தொடங்கப்பட்ட பாம்பு பிடிக்கும் இருளர் பழங்குடியினரின் கூட்டுறவுச் சங்கத்தினர் எடுத்துத் தருகிறார்கள். கடிபட்ட இடத்தைக் கீறக்கூடாது, உறிஞ்சக்கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக்கூடாது, அந்த உறுப்பை அசையாமல் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற அளவில் பெரும்பாலான பயிற்சிகள் நின்றுவிடுகின்றன. அவை சரியானவை, ஆனால் போதாதவை. கட்டுவிரியன் இரவில் தரையில் உறங்குபவரைக் கடிக்கிறது. வலியோ வீக்கமோ அதிகம் இராது. வயிற்றுவலி என்று எழுந்தவரின் இமைகள் சிறிது சிறிதாகத் தொங்கும், பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும், கடைசியாக மூச்சுத் தசைகள் செயலிழக்கும். அந்த நிலையில் அவர் அசையாமல் கிடந்தாலும் உள்ளே உணர்வு இருக்கலாம், இதயமும் துடித்துக்கொண்டிருக்கலாம். செய்ய வேண்டியது, அவரைப் பக்கவாட்டில் கிடத்தி எச்சில் வெளியேற விடுவதும், மூச்சு நின்றால் முகமூடி வழியாக ஆறு நொடிக்கு ஒரு மூச்சு வீதம் வழி நெடுகக் கொடுத்துக்கொண்டே போவதும்தான். ஒருவரால் அவ்வளவு நேரம் தனியே தாக்குப்பிடிக்க முடியாது. முறை மாற்றி மாற்றிச் செய்ய மூன்று நான்கு பேர் வேண்டும். ஓடும் வண்டியின் பின்பகுதியில் இதைச் செய்து பழகாமல், வகுப்பறைத் தரையில் பொம்மைக்கு இரண்டு மூச்சு கொடுத்துச் சான்றிதழ் வாங்கியவரால் அன்றிரவு இதைச் செய்ய இயலாது.

படிப்பறிவு குறைந்த மக்களால் இவ்வளவு செய்ய முடியுமா என்று கேட்பவர்களுக்கு, 1997 முதல் 2001 வரை வடக்கு ஈராக்கிலும் கம்போடியாவிலும் நிலக்கண்ணிவெடிப் பகுதிகளில் நடந்த பணியைக் குறிப்பிடுவேன். நார்வே மருத்துவர்களின் துணையுடன், உள்ளூரைச் சேர்ந்த 135 மருத்துவ உதவியாளர்களும் 5,200 சாதாரணக் கிராமத்தினரும் பயிற்சி பெற்றார்கள். மருத்துவமனைக்குச் செல்லப் பல மணி நேரம் பிடித்த அந்தப் பகுதிகளில், காயமடைந்தோரின் இறப்பு விகிதம் 40 விழுக்காட்டிலிருந்து 14.9 விழுக்காட்டுக்குக் குறைந்தது. மூச்சு வழியைத் திறந்து வைப்பது, இரத்தப்போக்கை அடக்குவது, உடல் குளிர்ந்துவிடாமல் போர்த்திக் காப்பது போன்ற எளிய செயல்களையே அந்தக் கிராமத்தினர் செய்தார்கள். அதே பணியின் மருத்துவர்கள், கைகால்களைப் பட்டையால் இறுக்கிக் கட்டுவதைவிட, காயத்துக்குள் துணியைத் திணித்து அழுத்திக் கட்டுவதையே வலியுறுத்தினார்கள். இறுக்கிய கட்டு இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நரம்பும் தசையும் பாதிக்கப்படும் அபாயம் கூடிக்கொண்டே போகிறது. மருத்துவமனை பத்து நிமிடத்தில் இருக்கும் நகரத்தில் தயக்கமின்றி இறுக்குமாறு சொல்லிக்கொடுக்கலாம். மூன்று மணி நேரப் பயணத்தில், திணித்து அழுத்துவதே முதல் முயற்சியாகவும், வேறு வழியே இல்லாதபோது கட்டிய நேரத்தைக் குறித்துவைத்து இறுக்குவது கடைசி முயற்சியாகவும் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

யாருக்குப் பயிற்சி தருவது என்பதிலும் கவனம் வேண்டும். வகுப்புக்கு வரக்கூடியவர்களைவிட, விபத்து நடக்கும் இடத்தில் இருப்பவர்கள் முக்கியம். உகாண்டாவின் கம்பாலா நகரில் காவலர்களுக்கும் டாக்சி ஓட்டுநர்களுக்கும் பயிற்சி அளித்தது அதனால்தான். தமிழகக் கிராமம் என்றால் டிராக்டர், ஷேர் ஆட்டோ ஓட்டுநர்கள், தேநீர்க் கடைக்காரர், அங்கன்வாடி ஊழியர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோரைச் சொல்வேன். பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காத தாயின் அடிவயிற்றைத் தேய்த்துக் கருப்பையை இறுகச் செய்வதைப் பெண்கள்தான் பெண்களுக்குச் செய்ய முடியும் என்ற ஊர்கள் உண்டு. அங்கே ஆண்களை மட்டும் வகுப்பில் உட்கார வைப்பது பாதிப் பயிற்சிதான்.

கருவிகளை அன்பளிப்பாகக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. ஏஇடியின் ஒட்டும் பட்டைகளும் மின்கலமும் சில ஆண்டுகளில் காலாவதியாகின்றன. மாற்ற வழியில்லாத ஊரில் அது பூட்டிய அலமாரிக்குள் போய்விடும். அந்தப் பணத்தில் கையுறை, மெல்லிய பருத்தித் துணி, முக்கோணக் கட்டு, மூச்சு முகமூடி, உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் ஆகியவை அடங்கிய பைகள் பல வாங்கலாம். பொட்டலம் தீர்ந்துபோனாலும், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கலக்கத் தெரிந்திருந்தால் போதும்.

பயிற்சியின் ஒரு நாளை நடைப்பயிற்சிக்கே ஒதுக்க வேண்டும். ஊரின் கடைசி வீட்டிலிருந்து தார்ச்சாலை வரை ஒருவரைத் தூளியில் தூக்கிச் சென்று எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். கைப்பேசிச் சமிக்ஞை எந்த மேட்டில் கிடைக்கிறது, 108 ஆம்புலன்ஸ் எந்தத் திருப்பம் வரை வர முடியும், நச்சுமுறி மருந்தும் செயற்கைச் சுவாசக் கருவியும் எந்த மருத்துவமனையில் இருக்கின்றன என்பவற்றை ஊரார் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். அருகிலிருக்கும் மருத்துவமனையில் அவை இல்லாமல் இருக்கலாம். உதவினால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற அச்சம் இன்னும் இருக்கிறது. சாலை விபத்தில் நல்லெண்ணத்துடன் உதவுபவருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது என்பதையும், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்காகத் தமிழக அரசு 2021ல் தொடங்கிய திட்டத்தையும் வகுப்பிலேயே விளக்கிவிடலாம். கற்ற திறன் மூன்று முதல் ஆறு மாதங்களில் மங்கத் தொடங்குவதால், ஊரிலேயே இருவரையாவது பயிற்றுநர்களாக ஆக்காமல் திரும்பி வரும் குழுவின் வேலை அடுத்த ஆண்டுக்குள் கரைந்துவிடும்.

இந்தப் பயிற்சியைச் சிங்கப்பூரிலேயே தொடங்க முடியும் என்பதையும் தமிழ் வாசகர்களிடம் சொல்ல விரும்புகிறேன். 25 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களில் முதலுதவியாளர் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள சட்டம். அந்தச் சான்றிதழைப் பெறுபவர்களில் புதுக்கோட்டை, சிவகங்கை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைக்கும் நம் தம்பிகளும் இருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது அவர்கள் கையில் இருப்பது பத்து நிமிட ஆம்புலன்ஸை நம்பிய பாடம். அவர்களுக்காகத் தங்குவிடுதிகளில் ஞாயிற்றுக்கிழமை அரை நாள், தமிழிலேயே, மூன்றை மட்டும் கூடுதலாகச் சொல்லிக்கொடுக்கலாம்: நீரில் மூழ்கியவருக்கு மூச்சு கொடுப்பது, பாம்பு கடித்தவரை வழி நெடுகக் கவனித்துக் கொண்டுசெல்வது, காயத்தில் துணியைத் திணித்து அழுத்துவது. இதற்கு முன்வரும் தாதியரும் மருத்துவ உதவியாளர்களும் இருக்கிறார்கள். விடுதி நடத்துநர்களும் முதலாளிகளும் இடமும் நேரமும் ஒதுக்கித் தந்தால் வகுப்புகளைத் தொடங்கிவிடலாம்.