கேம்ஸ்மேன்ஷிப்: அழுகுணி ஆட்டம்

போன வாரம் அஸ்தம்பட்டி டீக்கடையில் நாளிதழைப் புரட்டினால் மறுபடியும் அதே சொல்: ‘ஆட்டத் தந்திரம்’. வலி என்று சொல்லி ஆட்டத்தை நிறுத்தி, எதிராளியைக் காக்கவைத்த டென்னிஸ் வீரரைப் பற்றிய செய்தி. கேம்ஸ்மேன்ஷிப் என்பதற்கு மொழிபெயர்ப்பாளர் தந்த சொல் அது. எத்தனை முறைதான் பொறுப்பது?

ஸ்போர்ட்ஸ்மேன்ஷிப்பை ஒட்டிப் பிறந்த சொல் இது. 1947இல் ஸ்டீபன் பாட்டர் எழுதிய நகைச்சுவை நூலால் பரவியது. விதியை மீறாமல், எதிராளியின் மனத்தைக் கலைத்து வெல்வது என்று பொருள்.

தந்திரம் என்பது இதற்குப் பொருந்தவே பொருந்தாது. 1989 பிரெஞ்சு ஓப்பனில் 17 வயது மைக்கேல் சாங், தசைப்பிடிப்பால் நிற்கவே திணறியபோது, முதல்நிலை வீரர் இவான் லெண்டிலுக்கு, வழக்கம்போல் தலைக்குமேல் அடிக்காமல் கையைத் தாழ்த்தி சர்வீஸ் போட்டார். அதுதான் தந்திரம். பந்து களத்துக்குள் வந்தது, லெண்டில் ஓடிவந்து அடிக்க வழியிருந்தது. 2021 அமெரிக்க ஓப்பன் முதல் சுற்றில் நடந்ததோ வேறு. நான்காவது செட் முடிந்ததும் கழிப்பறைக்குப் போன கிரேக்க வீரர் சிட்சிபாஸ் சீக்கிரம் திரும்பவில்லை. காத்திருந்த எதிராளி ஆண்டி மர்ரி ஐந்தாவது செட்டில் தோற்றார். சிட்சிபாஸ்மேல் இருந்த மரியாதையே போய்விட்டது என்று குமுறினார். அன்று எந்த விதியும் மீறப்படவில்லை. மறு ஆண்டு ஆண்கள் தொடர்களில் கழிப்பறை இடைவேளைக்கு 3 நிமிடம், உடை மாற்ற இன்னும் 2 நிமிடம் என்று வரம்பு கட்டினார்கள். இந்த இரண்டு செயலுக்கும் ஒரே பெயரா? தந்திரம் என்று எழுதியதும் செய்தவர் கெட்டிக்காரர் ஆகிவிடுகிறார். ‘விளையாட்டுச் சாணக்கியம்’ என்று எழுதுகிறவர்கள் மாலையே போட்டுவிடுகிறார்கள்! அகராதியைத் திறப்பவர்கள் தெருவையும் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டாமா?

நான் காலையில் ஆடும் மண்தரையில் ஒருவர் இருக்கிறார். சர்வீஸுக்கு நான் பந்தைத் தூக்கும் நேரம் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுக் குனிந்து ஷூ லேஸைக் கட்டுவார். நன்றாகக் கட்டியிருந்த லேஸைத்தான் அவிழ்த்துக் கட்டுவார். பந்து பொறுக்க வந்த சிறுவன் இரண்டாம் முறையே கண்டுபிடித்துவிட்டான்: “அழுகுணி.”

அழு என்ற வினையடியில் பிறந்த சொல். தோல்வியைத் தாங்காதவன், ஆட்டத்தை ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்துகிறவன் என்று கோலி ஆடும் பிள்ளைகளுக்கெல்லாம் தெரியும். கேம்ஸ்மேன்ஷிப்புக்கு ‘அழுகுணி ஆட்டம்’ என்றே எழுதலாம் என்றேன். சிறுபிள்ளைச் சொல்லாயிற்றே என்று நண்பர் தயங்கினார். செய்கை சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்போது சொல்லுக்கு மட்டும் எதற்குப் பெரியமனிதத் தோற்றம்? ஏமாற்றையும் அழுகுணி என்பார்களே என்றார். கோட்டுக்குள் விழுந்த பந்தை வெளியே என்று சாதிப்பதற்குக் கள்ளாட்டம் என்ற சொல் தனியாக இருக்கிறது. கள்ளாட்டத்துக்கு நடுவர் தண்டனை தரலாம். அழுகுணி ஆட்டத்தில் அவர் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்க முடியும்.