ஆம்ப்ளிஃபயர்: தமிழில் பெருக்கி

எலக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் ஆம்பில் செருகலாமா? முதலில் பெயர்களைப் பார்ப்போம். ஆம்ப்ளிஃபயர் கிட்டார் வாசிப்பவர்கள் வாயில் சுருக்கமாக ‘ஆம்ப்’. வேர் லத்தீன்: ‘ஆம்ப்ளுஸ்’ என்றால் பெரியது, ‘ஃபாக்கெரே’ என்றால் செய்தல். தமிழில் ‘பெருக்கி’, ‘மிகைப்பி’ என்றும் எழுதுகிறார்கள். ‘ஒலிபெருக்கி’ மட்டும் வேண்டாம், அது லவுட்ஸ்பீக்கருக்கு உரியது. ஆம்ப் பெருக்குவது ஒலியை அல்ல, மின்சிக்னலை. கணக்குப்படியும் பெருக்கல்தான்: 10 மில்லிவோல்ட்டை 100 மடங்காக்கினால் 1 வோல்ட்.

‘அக்கூஸ்டிக்’ கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது, ‘கேட்டல் சார்ந்த’ என்று பொருள். ‘ஒலியியல் கிட்டார்’ என்று பெயர்த்தால் எலக்ட்ரிக் கிட்டாருக்கு ஒலியே இல்லை என்றாகிவிடும். அக்கூஸ்டிக் அப்படியே இருக்கட்டும்.

உண்மையில் ‘பெருக்கி’ என்ற பெயருக்கு முழுத் தகுதி அக்கூஸ்டிக் ஆம்புக்குத்தான், அதாவது அக்கூஸ்டிக் கிட்டாருக்கான ஆம்புக்கு. வந்ததை நிறம் மாற்றாமல் பெரிதாக்குவது அதன் வேலை. அதற்காகவே பெரும்பாலும் ட்வீட்டரும் (உச்சஒலிகளுக்கான சிறு ஸ்பீக்கர்) இருக்கும். எலக்ட்ரிக் ஆம்ப் பெருக்குவதோடு நிற்காது, தொனியையே செதுக்கும். அதன் 10 அல்லது 12 அங்குல ஸ்பீக்கர் சுமார் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளதைப் பெரும்பாலும் விழுங்கிவிடும்.

எலக்ட்ரிக் கிட்டாரை அக்கூஸ்டிக் ஆம்பில் செருகினால் எதுவும் கெடாது. கிளீன் தொனி தெளிவாக, கொஞ்சம் மெலிந்து கேட்கும். ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடலை மிதித்தால்தான் தொல்லை: தகர டப்பாவுக்குள் வண்டு மாட்டிய இரைச்சல். டிஸ்டார்ஷன் உண்டாக்கும் மேல்சுரங்களை ட்வீட்டர் ஒன்றுவிடாமல் வெளியே தள்ளுகிறது. பெடல்களின் கடைசியில், ஆம்புக்கு முன்னால், கேபினெட் சிமுலேட்டர் (எலக்ட்ரிக் ஆம்பின் ஸ்பீக்கர் பெட்டியைப் போலச் செய்யும் கருவி) வைத்தால் இரைச்சல் அடங்கும். அது இல்லையென்றால் ட்ரெபிளை (உச்சஒலி) நன்றாகக் குறைத்து மிட்டைச் (நடுஒலி) சற்று ஏற்றுங்கள். ட்வீட்டருக்குத் தனி ஸ்விட்ச் இருந்தால் அணையுங்கள். முழுக் குணம் ஆகாது, கேட்கும்படி ஆகும்.

செருக வேண்டியது 6.35 மில்லிமீட்டர் இன்ஸ்ட்ருமென்ட் இன்புட்டில். மைக் இன்புட்டின் மின்மறுப்பு (சிக்னலுக்குக் காட்டும் தடை) சில கிலோஓம்தான். எலக்ட்ரிக் கிட்டாரின் தந்தி அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தப் பிக்கப்புக்கு 1 மெகாஓம் அளவு வேண்டும். மாற்றிச் செருகினால் உச்சஒலிகள் செத்து, போர்வைக்குள்ளிருந்து வாசிப்பதுபோல் மங்கும்.

ஹம்பக்கர் (வலுவான சிக்னல் தரும் இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டார் என்றால், சிக்னல் மிஞ்சும்போது சிவக்கும் கிளிப் விளக்கில் கண் இருக்கட்டும். வால்வு ஆம்பில் (வெற்றிடக் குழாய் கொண்டது) சிக்னல் மிஞ்சினால் ஒலி இனிமையாக உடையும். அக்கூஸ்டிக் ஆம்பில் மிஞ்சினால் வெறுமனே கரகரக்கும். சிவப்பு மினுங்கியதும் கெயினைக் (உள்ளே வரும் சிக்னலைப் பெருக்கும் அளவு) குறையுங்கள். மாஸ்டரைக் (மொத்த ஒலியளவு) குறைப்பது உதவாது, சிக்னல் அதற்கு முன்பே உடைந்திருக்கும்.