தொடர்ச்சிப் பந்தயம்: சி-பெட் என்ற சொல்லும் அதற்குள் ஒளிந்திருக்கும் பாவ்லாவும்

சி-பெட் என்பது 'கன்டினியுவேஷன் பெட்' என்பதன் சுருக்கம். டெக்சஸ் ஹோல்டெம் வகைப் போக்கரில், பொதுச்சீட்டுகள் விரிவதற்கு முன் கடைசியாகத் தொகையை ஏற்றியவர், ஃபிளாப் எனப்படும் முதல் மூன்று பொதுச்சீட்டுகள் விரிந்ததும் தானே முதல் பந்தயத்தையும் வைத்தால் அதற்கு இந்தப் பெயர். இதைத் தமிழாக்க முனைந்தால் முதலில் நாவில் வருவது 'தொடர் பந்தயம்'. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

'தொடர் பந்தயம்' என்று எழுதினால் அதை ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகவே படிப்போம். தொடர்ந்த பந்தயம், தொடர்கின்ற பந்தயம், தொடரும் பந்தயம் என்று மூன்று காலத்துக்கும் விரியும். பந்தயம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிறது என்ற பொருள் வந்துவிடும். சி-பெட்டோ ஃபிளாப்பில் வைக்கும் ஒரே ஒரு பந்தயம். அதில் தொடர்வது, ஆட்டக்காரர் முன்பே சொல்லிவிட்ட ஒரு செய்தி. சீட்டு விரியும் முன் தொகையை ஏற்றியபோது, வாய் திறக்காமலே 'என் கை வலுவானது' என்று அறிவித்துவிட்டார். ஃபிளாப்புக்குப் பிறகு வைக்கும் பந்தயம் 'இப்போதும் அப்படித்தான்' என்கிறது. ஆகவே 'தொடர்ச்சிப் பந்தயம்' என்பதே சரி: முன்னே சொன்னதன் தொடர்ச்சியாக வரும் பந்தயம். இடையில் 'ப்' போடுவதை மறக்கக் கூடாது.

இந்தச் சொல் எதற்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்பதில் குழப்பம் நிறைய. முன்பு ஏற்றியவர் நீங்கள். ஃபிளாப்பில் எதிராளி சும்மா விட்டார் (பந்தயம் வைக்காமல் முறையைக் கடத்தினார்), அல்லது முதல் முறையே உங்களுடையது. நீங்கள் பந்தயம் வைத்தீர்கள். இது தொடர்ச்சிப் பந்தயம். எதிராளி முந்திக்கொண்டு பந்தயம் வைத்து, அதன்மேல் நீங்கள் ஏற்றினால் அது வெறும் ஏற்றம். முன்பு ஈடு கட்டி மட்டும் (எதிராளி வைத்த தொகைக்குச் சமமாக வைத்து மட்டும்) வந்தவர் ஃபிளாப்பில் முந்திக்கொண்டு வைப்பதற்கு 'டாங்க் பெட்' என்று வேறு பெயர் இருக்கிறது. ஃபிளாப்பில் சும்மா விட்டுவிட்டு நான்காம் சீட்டான டர்னில் வைத்தால் அது தாமதத் தொடர்ச்சி. கையில் என்ன சீட்டு இருக்கிறது என்பது இந்த இலக்கணத்தில் எங்கும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். மூன்று ராஜா சேர்ந்த கையோடு வைத்தாலும் தொடர்ச்சிப் பந்தயம்தான், ஒன்றும் சேராத கையோடு வைத்தாலும் அதேதான். சி-பெட் என்றாலே பிளஃப் (வலுவில்லாத கையை வலுவானதுபோல் காட்டுவது) என்று எண்ணுவது புதியவர்களிடம் அடிக்கடி காணும் பிழை.

சொற்களின் பிறப்பைப் பார்ப்போம். 'கன்டினியு' லத்தீன் வழி வந்தது. சேர்த்துப் பிடித்திருத்தல் என்பது அதன் அடிப்பொருள். 'பெட்' என்பது 'அபெட்' என்ற சொல்லின் தலை உதிர்ந்த வடிவம் என்று கருதப்படுகிறது. அந்த 'அபெட்' பழைய பிரெஞ்சில் இரை காட்டித் தூண்டிவிடுதலைக் குறித்தது. திருக்குறளின் சூது அதிகாரமும் சூதில் கிடைத்த வெற்றியைத் தூண்டில் முள்ளை விழுங்கிய மீனுக்கு ஒப்பிடுகிறது. இரண்டு மொழிகள் ஒரே காட்சியில் சந்திக்கின்றன. அதே அதிகாரத்தில் உருளும் கவற்றை (பகடையை) ஒட்டி 'உருளாயம்' என்ற சொல் வருகிறது. பணையம், ஒட்டம் ஆகியவையும் பந்தயப் பொருளுக்கான நம் பழைய சொற்கள். இத்தனை இருந்தும், இன்று யாருக்கும் விளக்காமல் புரிவது 'பந்தயம்' என்பதால் அதையே வைத்துக்கொள்வது நல்லது. 'தொடர்ச்சி ஒட்டம்' என்று எழுதினால் பாதிப் பேர் ஓட்டம் என்று திருத்திவிடுவார்கள்.

கன்டினியுவேஷன் பெட் என்ற பெயரைப் பரவலாக்கியதில் பெரும்பங்கு டான் ஹாரிங்டனுக்கு உண்டு. 1995-இன் போக்கர் உலகத் தொடரின் முதன்மைப் போட்டியை வென்றவர். 2004-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய பாடநூல் தொகுதிகள் இந்தச் சொல்லை எல்லா மேசைகளுக்கும் கொண்டுபோயின. பெயர் வருவதற்கு முன்பே செயல் இருந்தது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஃபிளாப் என்ற சொல் தமிழருக்குப் புதிதல்ல. ஓடாத படத்துக்கு நாம் சொல்லும் அதே ஃபிளாப்தான். தொப்பென்று விழும் ஓசையிலிருந்து பிறந்தது. படம் தொப்பென்று விழுகிறது, மூன்று சீட்டும் மேசையில் தொப்பென்று விழுகின்றன. இதை 'முச்சீட்டு' என்று பெயர்க்கலாமே என்று தோன்றும். ஆனால் மூணு சீட்டு என்பது வேறொரு சூதாட்டத்தின் பெயர் என்பதால் வாசகர் வழிதவறிவிடுவார். 'முதல் விரிப்பு' பொருந்தும். இல்லையென்றால் ஃபிளாப் என்றே விட்டுவிடலாம்.

பிளஃப் இன்னும் சுவையான சொல். 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் கண்ணைக் கட்டி ஏமாற்றுதல் என்ற பொருளில் புழங்கியது. டச்சு மொழியில் வீம்பு பேசுதலைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது என்பர். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் போக்கர் ஆட்டத்தையே 'பிளஃப்' என்று அழைத்ததும் உண்டு. இதற்குத் தமிழில் புளுகு, ஏய்ப்பு, வெற்று மிரட்டல் என்றெல்லாம் எழுதலாம். மூன்றுமே அரைகுறைதான். புளுகு வாயால் சொல்வது. போக்கரில் ஆட்டக்காரர் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. ஏய்ப்பில் குற்றத்தின் வாடை இருக்கிறது. பிளஃப் ஆட்டவிதிக்கு உட்பட்ட செயல். நம் பேச்சுமொழியில் 'பாவ்லா காட்டுதல்' என்று ஒன்று இருக்கிறதே, அது அச்சாகப் பொருந்துகிறது. செய்யப்போவதுபோல் உடலால் ஒரு போக்குக் காட்டி, எதிராளியை அசைய வைப்பது. எழுத்துநடைக்கு வேண்டுமானால் 'வெறுங்கைப் பந்தயம்' என்று சொல்லலாம். சீட்டாட்டத்தில் நம்மிடம் உள்ள சீட்டுகளைக் 'கை' என்றுதானே சொல்கிறோம், அந்தக் கை வெறுமையாக இருக்கும்போது வைக்கும் பந்தயம் இது.

வெறுங்கையோடு வைப்பது ஏன் வேலை செய்கிறது? எதிராளியின் கையும் பெரும்பாலும் வெறுமையாகவே இருப்பதால்தான். இரண்டு சீட்டும் வெவ்வேறு எண்ணாக உள்ள கை ஃபிளாப்பில் குறைந்தது ஓர் இணையாவது சேர்வது 100-க்கு 32 முறை. மீதி 68 முறையும் மூன்று சீட்டும் அந்தக் கையைத் தொடாமல் போகின்றன. இருவருக்கும் ஒன்றும் சேராத வேளையில், வலுவைச் சொல்லும் உரிமை முன்பு ஏற்றியவரிடம் இருக்கிறது.

கணக்கு எளிது. வைக்கும் பந்தயத்தை, அதுவும் நடுத்தொகையும் (மேசை நடுவில் அதுவரை சேர்ந்த பணமும்) சேர்ந்த மொத்தத்தால் வகுத்தால், எதிராளி எத்தனை பங்கு முறை சீட்டைக் கவிழ்த்தால் (அந்தக் கையைக் கைவிட்டு விலகினால்) கையைக் கடிக்காது என்பது தெரிந்துவிடும். நடுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கு வைத்தால் 100-க்கு 25, பாதி வைத்தால் 33, மூன்றில் இரண்டு பங்குக்கு 40, முழுத்தொகைக்கு 50. சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் கட்டாயமாக வைக்கும் தொகைகளுக்குப் பிளைண்ட் என்று பெயர். சிறிய பிளைண்ட் 50, பெரிய பிளைண்ட் 100 என்று வைத்துக்கொள்வோம். கடைசி இருக்கையில் இருப்பவர் 250-ஆக ஏற்றுகிறார், பெரிய பிளைண்டில் இருப்பவர் மட்டும் ஈடு கட்டுகிறார். கவிழ்த்துவிட்ட சிறிய பிளைண்டின் 50-ஐயும் சேர்த்து நடுத்தொகை 550. ஏற்றியவர் 180 வைத்து, எதிராளி 100-க்கு 45 முறை கவிழ்த்தால், ஈடு கட்டிய 55 முறையும் மேற்கொண்டு எதுவும் கிடைக்காது என்று கொண்டாலும்கூட, ஒவ்வொரு முறைக்கும் சராசரி 148.5 மிஞ்சும். 550-இல் 45 பங்கு 247.5, 180-இல் 55 பங்கு 99, வித்தியாசம் அவ்வளவு.

எதிரே இருவர் இருந்தால் நிலைமை தலைகீழ். ஒவ்வொருவரும் பாதி முறை கவிழ்ப்பவர் என்றாலும் இருவரும் சேர்ந்து கவிழ்ப்பது நான்கில் ஒரு முறைதான். பாதித்தொகைப் பந்தயத்துக்கு 33 தேவை, கிடைப்பதோ 25. மூவர் என்றால் 12.5. கூட்டம் சேர்ந்த நடுத்தொகையில் வெறுங்கையோடு பந்தயம் வைத்துத் தோற்பவர்கள் இந்தப் பெருக்கலைச் செய்து பார்க்காதவர்கள்.

அடுத்தது ஃபிளாப்பின் முகம். ஸ்பேட் ராஜா, டைமண்ட் 7, கிளாவர் 2 விரிந்தால் அது வறண்ட ஃபிளாப். மூன்றும் வேறு வேறு இனம், எண்களுக்கிடையே இடைவெளி. ஏஸ்-ராஜா, ராஜா-ராணி, இரட்டை ஏஸ் போன்றவை ஏற்றியவரிடம் இருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அவர் சொல்வது நம்பும்படி இருக்கும். இங்கே மூன்றில் ஒரு பங்கே போதும். கவிழ்க்கப்போகிற கை சிறிய தொகைக்கும் கவிழும். மாறாக ஹார்ட் 9, ஹார்ட் 8, கிளாவர் 7 விரிந்தால் அது ஈரமான ஃபிளாப். ஜாக்-10, 10-6, 6-5 எல்லாம் வரிசை (அடுத்தடுத்த ஐந்து எண்கள்) முடித்துவிட்டன, 9-8-க்கும் 8-7-க்கும் இரண்டு இணை, ஹார்ட் இரண்டு வைத்திருப்பவர் ஓரினத்துக்கு, அதாவது ஒரே இனத்தில் ஐந்து சீட்டுக்கு, காத்திருக்கிறார். இவை பெரிய பிளைண்டில் ஈடு கட்டி வந்தவரிடம் நிறைய இருக்கும் கைகள். ஸ்பேட் ஏஸும் டைமண்ட் ராஜாவும் வைத்துக்கொண்டு இங்கே பந்தயம் வைப்பவர் பேச்சைத் தொடரவில்லை, பிடிவாதத்தைத் தொடர்கிறார். சும்மா விடுவதே மேல். எதிராளி பதுங்கி ஏற்றினால் (முதலில் சும்மா விட்டு, பிறகு நம் பந்தயத்தின்மேல் ஏற்றினால்) ஐந்து சீட்டும் பார்க்காமலே கவிழ்க்க நேரும்.

வெறுங்கைகளிலும் தரம் உண்டு. போக்கர் நூலாசிரியர் டேவிட் ஸ்க்லான்ஸ்கி 'செமி-பிளஃப்' என்று பெயரிட்டது இதைத்தான்: இப்போது தோற்கும் கை, வரும் சீட்டில் வெல்லும் கையாக மாறக்கூடியது. தமிழில் பாதிப் பாவ்லா. ஓரினத்துக்கு ஒரு சீட்டு குறைவு என்றால் 9 சீட்டுகள் உதவும். அடுத்த சீட்டில் 100-க்கு 19, இரண்டு சீட்டும் சேர்த்தால் 35. இருமுனை திறந்த வரிசைக்கு 8 சீட்டுகள், 17-உம் 31.5-உம். நடுவில் ஓட்டை உள்ள வரிசைக்கு 4 சீட்டுகள், 8.5-உம் 16.5-உம். இப்படிப்பட்ட கைக்கு வெல்ல இரண்டு வழி: எதிராளி கவிழ்ப்பது ஒன்று, சீட்டு வந்து சேர்வது மற்றொன்று. நடுத்தரக் கைக்கு, எடுத்துக்காட்டாக ராஜா-7-2-இல் 7 இணை சேர்ந்த கைக்கு, பந்தயம் பெரும்பாலும் வீண். வலுவற்ற கைகள் கவிழ்ந்துவிடும், ஈடு கட்டுபவை எல்லாம் நம்மை வெல்பவை. கணிதவியலாளர் ஜான் வான் நாய்மான், பொருளியலாளர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டர்னுடன் 1944-இல் வெளியிட்ட நூலில், எளிமையாக்கிய போக்கர் ஒன்றைக் கணிதமாக்கி இதையே காட்டினார். அந்த ஆட்டத்தில் பந்தயம் வைக்கவேண்டியவை மிக நல்ல கைகளும் மிக மோசமான கைகளும். நடுவில் உள்ளவை சும்மா விடவேண்டியவை. பாவ்லா என்பது துணிச்சல்காரனின் குணமல்ல, சரியான ஆட்டத்தின் உறுப்பு என்று நிறுவிய கணக்கு அது.

ஃபிளாப்பில் வைத்ததை எதிராளி ஈடு கட்டிய பிறகு டர்னிலும் வைப்பதை 'டபுள் பேரல்' என்பார்கள். நம்மிடம் இரட்டைக்குழல் துப்பாக்கி என்ற சொல் ஆயத்தமாக இருக்கிறது. இரட்டைக்குழல், முக்குழல் என்று தயங்காமல் எழுதலாம். முன்னே ஒதுக்கிய 'தொடர் பந்தயம்' உண்மையில் பொருந்துவது இதற்குத்தான்.

மேலே சொன்ன ராஜா-7-2-ஐ இந்தச் சொற்களிலேயே ஆடிப் பார்க்கலாம். ஏற்றியவர் கையில் ஸ்பேட் ராணியும் ஸ்பேட் ஜாக்கும். 180-க்குத் தொடர்ச்சிப் பந்தயம் வைக்கிறார், எதிராளி ஈடு கட்டுகிறார், நடுத்தொகை 910 ஆகிறது. டர்னில் இன்னொரு 7 வந்தால் நிறுத்திக்கொள்ளலாம். இவர் கைக்கு எதையும் சேர்க்கவில்லை, 7 வைத்து ஈடு கட்டியவருக்கோ மூன்றாக ஆகிவிட்டது. ஸ்பேட் 10 வந்தால் கதை வேறு. 9 ஸ்பேட், மற்ற இனங்களில் 3 ஏஸ், 3 ஒன்பது, ஆக 15 சீட்டுகள் இவருக்கு உதவும். 46-இல் 15, ஏறத்தாழ 100-க்கு 33. இரண்டாம் குழலாக 600 வைக்கிறார். வெறும் பாவ்லா என்று கொண்டாலே 100-க்கு 40 முறை எதிராளி கவிழ்த்தால் போதும். வந்து சேரும் சீட்டுகளைக் கணக்கில் எடுத்தால் அதைவிடக் குறைவே போதும். எதிராளி மீண்டும் ஈடு கட்டுகிறார். நடுத்தொகை 2,110. ஐந்தாம் சீட்டான ரிவரில் ஹார்ட் 3, எதுவும் சேரவில்லை.

இங்கே பலரும் மனம் தளர்ந்து சும்மா விட்டுவிடுவார்கள். ராணி உயர்ந்த கை சீட்டைக் காட்டி வெல்லப்போவதில்லை, அதனால் சும்மா விட்டால் நடுத்தொகை கிடைக்காது. 1,400 வைத்தால் 100-க்கு 40 கவிழ்ப்பு வேண்டும். இவர் கையில் ராணியும் ஜாக்கும் இருப்பதால் எதிராளியிடம் ராஜா-ராணி இருக்கக்கூடிய வகைகள் 12-இலிருந்து 9-ஆகக் குறைகின்றன, ராஜா-ஜாக்கும் அப்படியே. விடாமல் ஈடு கட்டக்கூடிய கைகளில் முக்கியமானவை இவை இரண்டும்தான். எதிராளி கவிழ்க்கத் தெரிந்தவர் என்றால் மூன்றாம் குழலுக்கு நியாயம் இருக்கிறது; எதைப் பிடித்தாலும் கடைசிவரை ஈடு கட்டுபவர் என்றால் இந்த 1,400-ஐ வைக்கக் கூடாது.