தூதரகத்தில் 'ஆள்' வைத்திருப்பவரிடம் கையெழுத்தைக் கொடுக்காதீர்கள்

வெளிநாட்டு அரசாங்கத்தின் மானியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. படிவத்துக்கோ, பதிவுக்கோ, 'ஃபைலைத் தள்ளிவிட'வோ கொழும்பிலுள்ள எந்தத் தூதரகமும் உயர்ஸ்தானிகராலயமும் காசு கேட்பதில்லை. இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். போன கிழமையும் ஒரு சங்கம் ஒரு தரகருக்கு ஐம்பதாயிரம் ரூபாயைக் கொடுத்து முடித்துவிட்டுத்தான் என்னிடம் வந்தது. இனியும் ஆள் ஆளாக உட்காரவைத்து விளக்கிக்கொண்டிருக்கப் பொறுமை இல்லை. எழுதிவிடுகிறேன்.

என் தொழில் திட்டக் கணக்கு. மானியம் கிடைத்த அமைப்புகளின் செலவைச் சரிபார்ப்பது, கொடையாளருக்கு அறிக்கை போகுமுன் ஓட்டைகளைப் பிடிப்பது, இடைக்கிடை விண்ணப்பங்களின் வரவுசெலவைத் திருத்திக் கொடுப்பது. அதனால் ஒரு மானியத்தின் முதல் பக்கத்தையும் பார்க்கிறேன், கடைசிப் பற்றுச்சீட்டையும் பார்க்கிறேன். தரகரின் கைவரிசை முதல் பக்கத்தில் தெரியும். கடைசிப் பற்றுச்சீட்டு வரும்போது ஆள் இருக்கமாட்டார்.

அவர் தன்னைத் தரகர் என்று சொல்வதில்லை. கன்சல்டன்ட், கோ-ஓடினேட்டர், சில நேரம் வெறும் 'சேர்'. பேச்சு மட்டும் எப்போதும் ஒன்றுதான்: "எம்பசியில எனக்கு ஆள் இருக்கு அக்கா. நீங்க கையெழுத்தை மட்டும் போடுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்." முற்பணம் கொஞ்சம். காசு வந்ததும் பத்து வீதம்.

இந்த 'ஆள்' கதையை நம் சனம் நம்புவதுதான் எனக்கு எரிச்சலிலும் எரிச்சல். கந்தோர்களில் ஆள் பிடித்தே வாழ்ந்து பழகிவிட்டோம், அது விளங்குகிறது. ஆனால் இங்கே முடிவெடுக்கிற முறையே வேறு. விண்ணப்பங்களுக்குப் புள்ளி போடுவார்கள். தனி ஒருவர் போட்டு முடிப்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் அழைப்புகளில் மதிப்பீட்டுக் குழுவுக்கு வாக்களிக்கும் உறுப்பினர் குறைந்தது மூன்று பேர் வேண்டும். தமக்கு இதில் சொந்த நலன் இல்லை என்று அவர்கள் எழுதிக் கையெழுத்தும் வைக்க வேண்டும். ஜப்பானின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புத் திட்ட உதவியில், கொழும்புத் தூதரகம் பார்த்துத் தெரிந்தெடுத்தாலும் தோக்கியோவிலுள்ள வெளிவிவகார அமைச்சின் ஒப்புதல் வராமல் ஒப்பந்தம் இல்லை. தரகருக்குத் தோக்கியோவிலும் ஆள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிறது என்றுதான் சொல்வார்! தூதரகத்தில் ஒருவரை அவருக்கு உண்மையாகவே தெரிந்திருக்கலாம். அந்த ஒருவர் செய்யக்கூடியது, விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்ற கேள்விக்குப் பதில் சொல்வது. அதை நீங்களே தொலைபேசியில் கேட்கலாம், தமிழிலும் கேட்டுப் பாருங்கள்.

சரி, அந்தப் பத்து வீதம் எங்கிருந்து வரும்? நாற்பது இலட்சம் ரூபாய் மானியம் என்றால் நாலு இலட்சம். ஒப்பந்தத்தில் உள்ள வரவுசெலவில் 'தரகு' என்று ஒரு வரி கிடையாது, இருக்கவும் விடமாட்டார்கள். அப்போது எண்பது மூட்டை சீமெந்து இறங்கிய இடத்தில் நூறு மூட்டைக்குப் பில் போட வேண்டும். நடக்காத பயிற்சிக்குச் சாப்பாட்டுப் பில் போட வேண்டும். அந்தப் பில்களில் கையெழுத்து யாருடையது? தலைவி, செயலாளர், பொருளாளர். வவுச்சரைக் கட்டுக் கட்டாகப் புரட்டினாலும் தரகரின் பெயர் ஓரிடத்திலும் வராது. கணக்காய்வாளர் களஞ்சியப் புத்தகத்தைக் கேட்கிற நாளில் அவருடைய தொலைபேசியும் வேலை செய்யாது. காசைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வருவது சங்கத்தின் விலாசத்துக்கு. தையல் மெசின் வாங்கக் கடன் எடுத்த பெண்கள் இந்தக் காசை எங்கே போய்த் தேடுவார்கள்?

எழுதிக் கொடுப்பவருக்குக் காசு கொடுப்பதை நான் பிழை என்று சொல்லவரவில்லை. மொழிபெயர்ப்புக்கு, வரவுசெலவு தயாரிக்க, இவ்வளவு என்று பேசி, ரசீது வாங்கி, சங்கத்தின் சொந்தக் காசிலிருந்து கொடுங்கள். அது கூலி. கிடைத்தால் இத்தனை வீதம் என்பது கூலி அல்ல.

போன கிழமை வந்த கோப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மன்னார்ப் பக்கத்து மாதர் சங்கம், பெயர் வேண்டாம். தலைவியும் செயலாளரும் இரவு பஸ்ஸில் வந்து, வெள்ளவத்தையில் இறங்கி, முகம் கழுவிவிட்டு நேரே என் அறைக்கு வந்தார்கள். சுருள் கம்பி போட்டுக் கட்டிய விண்ணப்பம், மினுங்குகிற அட்டை. உள்ளே திறந்தால் 'எமது மீனவர் சமூகம்' என்று இருக்கிறது. அவர்கள் நெல் செய்கிறவர்கள், கடல் அந்தப் பக்கமே இல்லை. இன்னொரு பக்கத்தில் வேறு மாவட்டத்தின் பெயர் அழிபடாமல் நிற்கிறது. பின்னட்டையில் அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யூஎஸ்எயிட்டின் சின்னம். அந்த நிறுவனம் 2025 ஜூலை 1ஆம் திகதியோடு வெளிநாட்டு உதவி வழங்குவதையே நிறுத்திவிட்டது. எஞ்சிய திட்டங்கள் அமெரிக்க இராஜாங்கத் திணைக்களத்தின் கைக்குப் போயின. இல்லாத கடையின் பெயரில் கடிதத்தாள் விற்றிருக்கிறார் மனுசன்.

எனக்குக் கோபம் வந்தது அதற்கல்ல. தேநீர் குடித்துக்கொண்டே செயலாளர் அக்கா ஊர்க் கதையைச் சொன்னார். 1990இல் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்திருக்கின்றன. இடையில் அங்கேயே இருந்த தமிழ்க் குடும்பங்களும் உண்டு. இரண்டு பகுதிக்கும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றுதான். ஆவணி வெயிலில் நீர் இறங்கினால் வாளிச் சண்டை. ஒரு தடவை கயிற்றை யாரோ அறுத்துவிட, பெடியங்கள் கைகலப்பு வரை போய்விட்டார்கள். பிறகு இரு பகுதிப் பெண்களும் பள்ளிக்கூட வேம்படியில் கூடியிருந்து, வீட்டுக்கு இத்தனை வாளி, இந்த நேரம் என்று முறை எழுதி, முன்பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இன்றுவரை அந்தப் பட்டியல்படிதான் தண்ணீர் அள்ளுகிறார்கள்.

"இது விண்ணப்பத்தில எங்க அக்கா?"

"சண்டையைப் பற்றி எழுதினா எம்பசி பயந்திடும் எண்டு அவர் எடுத்துப்போட்டார் தம்பி."

அதற்குப் பதிலாக இருந்தது 'பல்தரப்புப் பங்காளர் கலந்துரையாடல் மூலம் சமூக ஒருங்கிணைவை வலுப்படுத்தல்' என்ற ஒரு வசனமும், மூன்று இனத்துப் பிள்ளைகளும் விளக்கேற்றுகிற ஒருநாள் கலைநிகழ்ச்சியும். இப்படியான விளக்கேற்றல்களை எத்தனை கோப்பில் பார்த்துவிட்டேன்! சமாதானத் திட்டத்தை மதிப்பிடுகிறவர் தேடுவதே அந்தக் கிணற்றடியைத்தான். யாருக்கும் யாருக்கும் பிரச்சினை, எதற்காக, யார் சொன்னால் கேட்பார்கள், நீங்கள் கொண்டுவரும் காசு அந்தச் சண்டையைத் தணிக்குமா கிளறுமா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். புதுக் கிணற்றை ஒரு பகுதியின் காணிக்குள் வெட்டினால், தண்ணீர் வரும், பட்டியல் கிழியும். இதை முன்கூட்டியே யோசித்து எழுதியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பணம் போட்டு வாங்க முடியாத அந்தப் பதில் செயலாளர் அக்காவின் வாயில் இருந்தது. தரகர் அதை வெட்டி எறிந்துவிட்டு, எறிந்ததற்குக் கூலியும் வாங்கியிருக்கிறார்.

ஆகவே, தயவுசெய்து, முதலில் தமிழில் எழுதுங்கள். நாலு பேர் கூடியிருந்து, ஊரில் பேசுகிற மாதிரியே. ஆங்கிலமாக்க ஊரில் ஒரு ஆசிரியையோ பல்கலைக்கழகத்துப் பிள்ளையோ கிடைப்பார்கள். இலக்கணப் பிழைக்காக யாரும் மானியத்தை மறுப்பதில்லை. அடுத்த ஊரின் பெயர் கிடந்தால் மறுப்பார்கள்.

எங்கே போடுவது? சின்னச் சங்கங்களுக்கு ஏற்றவை தூதரகங்களே நேரடியாக நடத்தும் சிறு நிதிகள். கனடாவின் உள்ளூர் முயற்சிகளுக்கான நிதியில் ஒரு திட்டத்துக்கு உச்சம் ஒரு இலட்சம் கனேடிய டொலர், வழக்கமாக அதற்கு மிகவும் கீழே. ஒப்பந்தம் கைச்சாத்தாகுமுன் செய்த செலவைத் தரமாட்டார்கள், அமைப்பின் வழக்கமான நடைமுறைச் செலவையும் தரமாட்டார்கள். ஜப்பானிய உதவி பெரும்பாலும் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும். வடக்கில் கண்ணிவெடி அகற்றலுக்கும் அது போயிருக்கிறது. சம்பளம் கேட்காதீர்கள், மூன்று இடத்து விலைக்கூறல்களை இப்போதே எடுத்து வையுங்கள். அவுஸ்திரேலியாவுக்கும் நேரடி உதவித் திட்டம் என்று ஒன்று உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரிய அழைப்புகளுக்குக் கிராமச் சங்கம் தனியாகப் போவது வீண்பாடு. அதை எடுத்த பெரிய அமைப்பு அந்தக் காசிலிருந்து சின்ன அமைப்புகளுக்கு உப மானியம் கொடுக்கும், வழக்கமாக ஒன்றுக்கு 60,000 யூரோ வரை. அந்த அறிவித்தலைப் பார்த்துக்கொண்டிருங்கள். அமெரிக்க நிதிக்கு முன்பதிவு செய்யும் அரசாங்க இணையத்தளமான சாம் (SAM.gov) முழுக்க இலவசம். பதிவை வருடாவருடம் புதுப்பிக்க வேண்டும், அதற்கும் கட்டணமில்லை. 'உங்கள் பதிவு காலாவதியாகிறது, உடனே பணம் செலுத்துங்கள்' என்று வரும் மின்னஞ்சல் தனியார் வியாபாரம். அழித்துவிடுங்கள்.

கடைசி நேரம் எந்த ஊர் நேரம் என்று பாருங்கள். பிரஸ்ஸல்ஸ் நேரம் என்றால் நமக்கு மூன்றரை, நாலரை மணித்தியாலம் கூடுதலாகக் கிடைக்கும். கன்பரா நேரம் என்றால் நாலரை, ஐந்தரை மணித்தியாலம் குறையும். மாலை ஐந்துக்கு அனுப்பலாம் என்று இருந்தவர்களுக்கு மத்தியானமே கதவு மூடியிருக்கும்.

வரவுசெலவில் நான் அடிக்கடி சிவப்புப் பேனை போடுகிற இடங்கள்: ஊழியர் சம்பளம் எழுதுவீர்கள், சங்கம் கட்ட வேண்டிய ஊழியர் சேமலாப நிதி 12 வீதத்தையும் நம்பிக்கை நிதியம் 3 வீதத்தையும் மறந்துவிடுவீர்கள். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம், பழைய விலைக்கூறலை ஒட்டாதீர்கள். அப்புறம் நாணயமாற்று. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஓடியபோது வந்த மேலதிக ரூபாயைத் தம்முடைய இலாபம் என்று நினைத்துச் செலவழித்தவர்கள் இருக்கிறார்கள். அது இலாபமல்ல, கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டிய காசு. அடுத்த வருடம் ரூபாய் ஏறியபோது ஒப்பந்தத் தொகை சுருங்கி, கூரை போடக் காசில்லாமல் நின்ற கட்டடங்களும் உண்டு. ஒப்பந்தம் எந்த நாணயத்தில் என்பதைக் கையெழுத்துக்கு முன் கேளுங்கள்.

இனி, கண்டிப்பாகச் சொல்கிறேன். வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். சங்கத்தின் இறப்பர் முத்திரையும் பதிவுச் சான்றிதழின் மூலப்பிரதியும் வெளியாளின் கைக்குப் போகக் கூடாது. கேட்டால் பிரதி கொடுங்கள், குறுக்கே எதற்காகக் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள். விண்ணப்பத்திலுள்ள மின்னஞ்சல் உங்களுடையதாக இருக்கட்டும். தரகர் தன் மின்னஞ்சலைப் போட்டால் தூதரகம் அனுப்பும் பதில் உங்களுக்கு வரவே வராது, கிடைத்ததும் தெரியாது, நிராகரித்ததும் தெரியாது. காசு சங்கத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் வர வேண்டும். 'என் நிறுவனக் கணக்குக்கு எடுத்து உங்களுக்கு மாற்றிவிடுகிறேன்' என்பவரிடம் அன்றைக்கே கதையை முடியுங்கள். உங்கள் கணக்கு வழியாக வேறு யாருடையதோ காசு போய்வர விட்டாலும் பிரச்சினைதான். கள்ளக் காசை நல்ல காசாக்குவதைத் தடுக்கும் 2006ஆம் ஆண்டின் பணந் தூயதாக்கல் தடைச் சட்டத்தில் 'எனக்குத் தெரியாது' என்பது லேசில் எடுபடாது. எதைத் தீர்மானித்தாலும் கூட்டக் குறிப்பில் எழுதுங்கள். இரண்டு வருடக் கணக்கறிக்கை இல்லாவிட்டால் முதலில் அதைச் செய்யுங்கள், மானியம் பிறகு.

ஏற்கெனவே பத்து வீதத்துக்குச் சம்மதித்துக் கையெழுத்து வைத்துவிட்டீர்களா? பயப்படாதீர்கள். விண்ணப்பம் இன்னும் பரிசீலனையில் இருந்தால், சங்கத்தின் கடிதத்தாளில், இன்னாருக்கு எங்கள் சார்பில் பேச அதிகாரமில்லை, இனி இந்த விலாசத்துக்கே எழுதுங்கள் என்று தூதரகத்துக்குப் பதிவுத்தபாலில் அனுப்புங்கள். ஒரு பிரதி பிரதேச செயலகத்துக்கு. காசு வந்துவிட்டிருந்தால், தரகருக்கு ஒரு சதம் கொடுக்குமுன் கொடையாளரின் திட்ட அலுவலரிடம் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். முதல் பொய்ப் பில் எழுதப்படுமுன் சொன்னால் திருத்த வழி இருக்கும்.