‘நாளைக்கு வர வேண்டாம்’ என்று போன் வந்தால்

போன டிசம்பரில் பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் அக்கா ஒருவர் தன் சமையலறை மாதக் காலண்டரைச் சுருட்டிக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தார். திருப்பூரில் தொழிலாளர்களின் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி), இஎஸ்ஐ (அரசு மருத்துவக் காப்பீடு) கணக்கு பார்ப்பது என் தொழில். தாள்களில், அன்றன்று எத்தனை ஷிப்ட் வேலை என்று பென்சில் குறிகள். ஜூலை முழுக்க ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை. செப்டம்பரில் வெறும் ஒன்று. நவம்பரில் பாதிக் கட்டம் காலி.

“வேலையை விட்டு நிறுத்திட்டாங்களாக்கா?”

“இல்லைங்க சார். வேலைல தான் இருக்கேன். கூப்பிட்டா போவேன்.”

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு ஏற்கெனவே 16.5 சதவீதம் இருந்தது. ஆக, அப்போது 100 ரூபாய் சரக்குக்கு வரி மட்டும் 66 ரூபாய் 50 காசு ஆனது. அதே சட்டை வங்கதேசத்திலிருந்தோ வியட்நாமிலிருந்தோ போனால் அப்போது கூடுதல் வரி 20 சதவீதமாகத்தான் இருந்தது. வரியைக் கட்டுவது அங்கே இறக்குமதி செய்கிறவர். ஆனால் அந்த பையர் என்ன, சும்மா கட்டுவாரா? இங்கே தள்ளுபடி கேட்பார், இல்லையென்றால் ஆர்டரை வேறு நாட்டுக்குத் திருப்புவார்.

ஆர்டர் குறைந்தால் பனியன் கம்பெனி ஆளை அனுப்பாது, ஷிப்டைக் குறைக்கும். நன்றாகப் பழகிய டெய்லரை விட்டால் சீசனில் திரும்பக் கிடைக்க மாட்டார் என்று முதலாளிக்குத் தெரியும். வாரம் 6 நாள், நாளுக்கு ஒன்றரை என்றால் 9 ஷிப்ட். அதுவே 3 நாள், நாளுக்கு ஒன்று என்றால் 3 ஷிப்ட். சனிக்கிழமைச் சம்பளம் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது, ஆனால் எந்தக் கணக்கிலும் யாருக்கும் வேலை போகவில்லை. லைன் வீட்டு வாடகையும் குழுக்கடன் தவணையும் அப்படியேதான் இருக்கின்றன.

வருமானம் குறைந்தது எல்லோருக்கும் கண்ணில் படும். நான் பயப்படுவது இஎஸ்ஐ நாள் கணக்குக்கு. நோய்க்கால உதவித்தொகை வேண்டுமென்றால் 6 மாதச் சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா ஏறியிருக்க வேண்டும். வாரம் 3 நாள் வேலை என்றால் 26 வாரத்துக்குச் சரியாக 78. ஒரே ஒரு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் போச்சு. அதுவும் உடனே தெரியாது. அக்டோபர் முதல் மார்ச் வரையிலான சந்தாவுக்குரிய பலன், அடுத்த ஜூலை முதல் டிசம்பர் வரை. ஆர்டர் குறைந்ததன் அடி, எல்லாம் சரியானதாக நினைக்கிற நேரத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கும்போது விழும்.

அப்புறம், வேலை இல்லாமல் தற்காலிகமாக நிறுத்திவைத்தால் தரும் லே-ஆஃப் இழப்பீடு என்று ஒன்று சட்டத்தில் இருக்கிறது. குறைந்தது 50 பேர் வேலை செய்யும் தொழிற்சாலையில், மஸ்டர் ரோல் என்ற தொழிலாளர் வருகைப் பதிவேட்டில் பெயரோடு ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு, வேலை தர முடியாத நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம், பஞ்சப்படி இரண்டிலும் பாதி. ஆனால் வேலை நேரத்துக்குக் கம்பெனிக்குப் போய் ஆஜராக வேண்டும். இங்கேதான் போன் வேலை செய்கிறது. “நாளைக்கு வர வேண்டாம்” என்றால் நம் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். பிறகு கேட்டால், “அவங்களா லீவு போட்டாங்க” என்று பதில் வரும். பீஸ் ரேட்டில், அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், காண்ட்ராக்ட்காரரிடம் தைக்கிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சண்டை போடக்கூட வழியில்லை. அவர்கள் பெயரே ரோலில் இருக்காது.

அந்த அக்காவின் சந்தா நாட்களை எடுத்துக் காலண்டரோடு ஒப்பிட்டேன். அக்டோபரில் 4 நாள் குறைவாக ஏறியிருந்தது. எழுதிக் கேட்டதும் கம்பெனியில் திருத்திக் கொடுத்தார்கள், அதுவரை சரி. இழப்பீடு கேட்க மட்டும் கையில் ஒன்றுமில்லை. கூப்பிட்ட போன்கள் எல்லாம் வாய்ப்பேச்சு. இனி சூப்பர்வைசரிடம் வாட்ஸ்அப்பில் “நாளைக்கு வேலை இருக்குங்களா?” என்று கேட்டு, பதிலை அழிக்காமல் வைக்கச் சொன்னேன். வேலை இல்லை என்று பதில் வந்தாலும் காலையில் கேட் வரை போய் வரச் சொன்னேன்.

“பஸ் காசு யாருங்க குடுப்பா?” என்று சிரித்தார். என்னிடம் பதில் இல்லை. ஜனவரித் தாளில் ஷிப்டுக்குப் பக்கத்தில் கேட்டுக்குப் போன மணியையும் எழுதியிருக்கிறார், வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும்.